ஆகஸ்ட் 1914: பின்வாங்கிய படைகள் மார்னில் எப்படித் திரும்பி நின்றன?

கேள்வி இதுதான்: முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில், பிரெஞ்சுப் படைகளும் பிரிட்டிஷ் படையும் மோதிய இடமெல்லாம் தோற்றன, இரண்டு வாரம் ஓயாமல் பின்வாங்கின. அப்படிக் களைத்துப்போன படைகள் செப்டம்பர் முதல் வாரத்தில் பாரிஸுக்குப் பக்கத்தில், மார்ன் ஆற்றங்கரையில், திரும்பி நின்று ஜெர்மானியரை எப்படித் தள்ளின? அதிர்ஷ்டமா, ஜெர்மானியரின் பிழையா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பின்வாங்கலைத் தோல்வியின் நீட்சியாக மட்டும் பார்த்தால் மார்ன் ஆற்றங்கரையில் நடந்தது அதிசயமாகத்தான் தெரியும். என் கருத்தில் மார்ன் போரின் பெரும்பகுதி அந்தப் பின்வாங்கலிலேயே தீர்மானமாகிவிட்டது. பின்வாங்கியவர்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் ரயில் பாதைகளுக்கும் கிடங்குகளுக்கும் நெருங்கி வந்தார்கள். துரத்தியவர்கள் ஒவ்வொரு நாளும் தங்களுடையவற்றை விட்டு விலகிப் போனார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

பிரான்ஸின் கூட்டாளியான ரஷ்யா தன் முழுப் படையைத் திரட்ட ஆறு வாரம் ஆகும், அதற்குள் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் கணக்கு. பிரான்ஸின் கிழக்கு எல்லையில் வெர்டுன் முதல் பெல்ஃபோர் வரை வரிசையாகக் கோட்டைகள். ஆகவே பெல்ஜியம் வழியாகச் சுற்றிவந்து பிரெஞ்சுப் படையின் இடது பக்கத்தை வளைப்பது என்று முடிவு செய்தார்கள். மேற்கில் ஏழு சேனைகள், ஏறத்தாழ 15 லட்சம் பேர். அந்த வளையத்தின் வெளி ஓரத்தில், மிக அதிக தூரம் நடக்க வேண்டிய இடத்தில், அலெக்சாண்டர் ஃபான் க்ளுக்கின் முதல் சேனை இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ப்யூலோவின் இரண்டாம் சேனை. இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படுவார்கள்.

ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மானியர் பெல்ஜியத்துக்குள் நுழைந்தார்கள். முதல் தடை லீயெஜ் நகரைச் சுற்றியிருந்த 12 கோட்டைகள். நகரம் 7ஆம் தேதியே விழுந்துவிட்டது. கோட்டைகள் விழவில்லை. க்ருப் தொழிற்சாலையின் 42 சென்டிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருந்தது. 15ஆம் தேதி லோன்சின் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. தளபதி லெமானை இடிபாடுகளிலிருந்து நினைவிழந்த நிலையில் எடுத்தார்கள். மறுநாளோடு லீயெஜ் முடிந்தது. லீயெஜ் ஜெர்மனியின் கால அட்டவணையையே குலைத்தது என்று பலர் எழுதுவார்கள். தாமதம் என்னவோ ஓரிரு நாட்கள்தான். பெல்ஜியர்கள் செய்த பெரிய காரியம் வேறு: ரயில் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அதன் வலி க்ளுக்குக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பெல்ஜியப் பொதுமக்கள் கொடுத்த விலையையும் இங்கேயே சொல்ல வேண்டும். மறைந்திருந்து பொதுமக்கள் சுடுகிறார்கள் என்ற பீதியில் ஜெர்மானியர் ஊர் ஊராகப் பழிவாங்கினார்கள். ஆகஸ்ட் 23 அன்று தினான் நகரில் மட்டும் 674 பேர் கொல்லப்பட்டார்கள். 25ஆம் தேதி இரவு லுவேன் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. பின்வாங்கும் படைகளோடு சாலைகளை அடைத்துக்கொண்டு போன அகதிகள் எதற்காக ஓடினார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

சரி, பிரெஞ்சுப் பக்கம். தலைமைத் தளபதி ஜோசப் ஜோஃப்ர் கையில் இருந்தது 17ஆம் திட்டம். 1871இல் ஜெர்மனியிடம் இழந்த அல்சாஸ், லொரேன் பக்கம் பாய்வது அதன் மையம். அக்காலப் பிரெஞ்சு ராணுவத்தில் தாக்குதல் என்பது கிட்டத்தட்ட ஒரு மதம். சிப்பாய்கள் சிவப்புக் கால்சட்டை போட்டிருந்தார்கள். நல்ல 75 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. கனரகப் பீரங்கி மிகக் குறைவு. ஆகஸ்ட் 20 அன்று லொரேனில் மொரான்ஷ், சார்பூர் என்ற இரண்டு இடங்களில் ஜெர்மன் பீரங்கிகள் காஸ்டெல்னோ, துபாய் என்ற இரண்டு பிரெஞ்சுத் தளபதிகளின் படைகளையும் உடைத்தன. காஸ்டெல்னோவின் மகன் அன்றே இறந்தான்.

இரண்டு நாள் கழித்து ஆர்டென் காடுகள். ஜெர்மானியர் இடமும் வலமும் வலுவாக இருந்தால் நடுவில் மெலிந்திருப்பார்கள் என்று ஜோஃப்ர் நினைத்தார். ரிசர்வ் படைகளையும் அவர்கள் முதல் வரிசையிலேயே இறக்கியிருந்தது அவர் கணக்கில் இல்லை. 22ஆம் தேதி காலை, கடும் மூடுபனியில், பிரெஞ்சு மூன்றாம், நான்காம் சேனைகள் காட்டுச் சாலைகளில் போய் நேராக மோதின. ரோசிஞோல் கிராமத்தில் மூன்றாம் காலனியக் காலாட்படை டிவிஷன் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அந்த ஒரே நாளில் எல்லைநெடுக இறந்த பிரெஞ்சு வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 1916இன் வெர்டுன் போர் உட்பட, பிரெஞ்சு ராணுவ வரலாற்றில் இதைவிடக் கொடிய நாள் இல்லை. பின்னாளில் மார்ஷலான ஃபோஷின் ஒரே மகனும் மருமகனும் அந்த நாளில் இறந்தவர்களில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை மட்டும் படிப்பவர்களுக்கு ஆகஸ்ட் 1914 என்றால் பிரிட்டிஷ் படை போரிட்ட மோன்ஸ்தான் நினைவுக்கு வரும். ரோசிஞோல் என்ற பெயர் அவர்கள் காதில் விழுவதே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி வடக்கே, ஷார்லெருவா. ஐந்தாம் சேனையின் தளபதி ஷார்ல் லான்ரெசாக். இந்தக் கதையில் அநியாயமாக நடத்தப்பட்ட மனிதர் இவர்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஜெர்மானியர் பெரும்படையோடு மியூஸ் ஆற்றைக் கடந்து மேற்கே சுற்றி வருகிறார்கள் என்று ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்தே ஜோஃப்ரின் தலைமையகத்தை எச்சரித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 21 முதல் சாம்ப்ர் ஆற்றங்கரையில் ப்யூலோ அவரை முன்னாலிருந்து அழுத்தினார். 23ஆம் தேதி ஹவுசனின் ஜெர்மன் மூன்றாம் சேனை தினானில் மியூஸைக் கடந்து அவருடைய வலது பக்கத்தைத் தொட்டது. அவருக்கு வலப்புறம் இருந்த நான்காம் சேனை ஏற்கெனவே பின்னால் போய்விட்டது. இடப்புறம் பிரிட்டிஷ்காரர்கள் தனியாக நின்றார்கள். இன்னும் ஒரு நாள் நின்றிருந்தால் பிரான்ஸின் இடதுகைச் சேனை முழுவதும் வளைக்கப்பட்டிருக்கும். ஜோஃப்ரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் லான்ரெசாக் அன்றிரவு பின்வாங்க உத்தரவிட்டார். அந்த உத்தரவு இல்லையென்றால் மார்னில் திரும்பி நிற்க ஆளே இருந்திருக்காது.

அதே 23ஆம் தேதிதான் மோன்ஸ். சர் ஜான் ஃபிரெஞ்ச் தலைமையில் வந்த பிரிட்டிஷ் படை சிறியது: நான்கு காலாட்படை டிவிஷன்கள், ஒரு குதிரைப்படை டிவிஷன். பாதிக்கு மேல் அண்மையில் திரும்ப அழைக்கப்பட்ட ரிசர்வ் ஆட்கள். ஆனால் நிமிடத்துக்கு 15 குண்டு குறிபார்த்துச் சுடப் பழகிய தொழில்முறைப் படை. ஸ்மித்-டோரியனின் இரண்டாம் கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) மோன்ஸ் கால்வாயை ஒட்டி நின்றது. க்ளுக்கின் ஆட்கள் நெருக்கமான வரிசைகளில் வந்து அடிவாங்கினார்கள். நிமி என்ற இடத்தின் ரயில் பாலத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு நின்ற லெப்டினன்ட் மாரிஸ் டீஸ், சிப்பாய் சிட்னி காட்லி இருவருக்கும் அந்தப் போரின் முதல் விக்டோரியா கிராஸ் பதக்கங்கள் கிடைத்தன. டீஸ் அங்கேயே இறந்தார். பிரிட்டிஷ் சேதம் சுமார் 1,600. வீரத்தில் குறையில்லை. ஆனால் ஒரு கால்வாயை ஒரு நாள் பிடித்து வைத்ததுதான் நடந்தது. அன்றைய போரின் எடை ஷார்லெருவாவில் இருந்தது.

லான்ரெசாக் பின்வாங்கும் செய்தியை இரவு தொடர்பு அதிகாரி எட்வர்ட் ஸ்பியர்ஸ் கொண்டுவந்தபோது சர் ஜானுக்குக் கடும் கோபம். அந்தக் கசப்பு கடைசிவரை தீரவில்லை. ஆனால் வேறு வழியில்லை. 24ஆம் தேதி அதிகாலை பிரிட்டிஷ் படையும் தெற்கே திரும்பியது.

பின்வாங்குவதில் இருக்கும் சிரமத்தை வரைபடத்து அம்புக்குறிகளில் பார்க்க முடியாது. ஆகஸ்ட் வெயில். கற்கள் பதித்த சாலை. ரிசர்வ் ஆட்கள் பலருக்குப் புது பூட்ஸ், இன்னும் காலுக்குப் பழகவில்லை. இரண்டு வாரத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. பகலில் சண்டை, இரவில் நடை, நடந்துகொண்டே தூக்கம். சாலையில் பாதி அகதிகளின் வண்டிகள். எதிரியின் குதிரைப்படை எப்போது பின்னால் வந்து நிற்கும் என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் சிலர் பின்காவலாக நின்று நேரம் வாங்கித் தர வேண்டும். அவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. ஆகஸ்ட் 27 அன்று எத்ரோ என்ற ஊரில் ராயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸின் இரண்டாம் பட்டாலியன் அப்படி நின்று, சூழப்பட்டு, குண்டு தீரும்வரை சண்டையிட்டது. ஹெய்கின் முதல் கோர் அன்று தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு முந்தைய நாள் லெ கத்தோ. ஸ்மித்-டோரியனின் ஆட்கள் இனி ஓரடி எடுத்துவைக்க முடியாத நிலை. நள்ளிரவுக்குப் பிறகு குதிரைப்படைத் தளபதி ஆலன்பி வந்து, தன் படை சிதறிக் கிடக்கிறது, விடிவதற்குள் கிளம்பாவிட்டால் இருந்த இடத்திலேயே சண்டை போட வேண்டியதுதான் என்றார். பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சர் ஜானின் உத்தரவு. ஸ்மித்-டோரியன் நின்றார். திறந்த வயல்வெளியில், காலாட்படைக்குப் பக்கத்திலேயே பீரங்கிகளை நிறுத்தி, மதியம்வரை தாங்கினார். அப்புறம் படையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். இழப்பு 7,812 பேர், 38 பீரங்கிகள். க்ளுக்குக்கு அடி பலமாக விழுந்திருக்க வேண்டும், அன்று மாலை நெருங்கித் துரத்தவில்லை. இடது பக்கம் ஜெர்மானியர் சுற்றி வராமல் தடுத்தவர்கள் சோர்தேயின் பிரெஞ்சுக் குதிரைப்படையும் கம்ப்ரே பக்கம் நின்ற பிரெஞ்சு உள்ளூர்க் காவல் டிவிஷன்களும். பிரிட்டிஷ் நினைவேடுகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. சர் ஜான் முதலில் ஸ்மித்-டோரியனைப் புகழ்ந்து அறிக்கை எழுதினார். போருக்குப் பிறகு அவரையே குற்றம் சாட்டினார். நின்றது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். உடைந்த படையோடு பட்டப்பகலில் நகர்ந்திருந்தால் அது பின்வாங்கலாக இருந்திருக்காது, ஓட்டமாக ஆகியிருக்கும்.

அந்தக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் போனார்கள் என்பதற்கு 27ஆம் தேதி சாங்-கான்தாங் நகரில் நடந்தது சாட்சி. இரண்டு பட்டாலியன்களின் எஞ்சிய சிப்பாய்கள் சதுக்கத்தில் விழுந்து கிடந்தார்கள். ஊர் அழியக் கூடாது என்ற மேயரின் கெஞ்சலுக்கு இணங்கி, எல்கிங்டன், மெயின்வாரிங் என்ற இரண்டு கர்னல்களும் சரணடைவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பின்காவலோடு வந்த மேஜர் டாம் பிரிட்ஜஸ் அந்தத் தாளைத் திரும்ப வாங்கினார். பொம்மைக் கடையிலிருந்து ஒரு மேளமும் தகர ஊதுகுழலும் எடுத்து, தானும் தன் எக்காளக்காரரும் வாசித்துக்கொண்டே சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். சிப்பாய்கள் சிரித்தார்கள், எழுந்தார்கள், நடந்தார்கள். கர்னல்கள் இருவரும் பதவி பறிக்கப்பட்டார்கள். எல்கிங்டன் பிரெஞ்சு அந்நியர் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படுகாயம்பட்டு, 1916இல் தன் பதவியைத் திரும்பப் பெற்றார்.

இப்போது ஜோஃப்ருக்கு வருவோம். எல்லைப் போர்களின் பேரழிவுக்கு அவர்தான் முதல் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தோற்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் பிரான்ஸைக் காப்பாற்றியது. வேளைக்குச் சாப்பிட்டார், இரவில் தூங்கினார், பதறவே இல்லை. ஆகஸ்ட் 25 அன்றே அவர் வெளியிட்ட உத்தரவில் பின்வாங்கலின் நோக்கம் தெளிவாக இருக்கிறது: எதிரியைத் தடுத்துக்கொண்டே பின்னால் வருவது, அதற்குள் இடது ஓரத்தில் ஒரு புதிய சேனையைக் கூட்டுவது. அதுதான் மோனுரியின் ஆறாம் சேனை. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பகுதி கிழக்கிலிருந்து, ரயிலில். தோற்று எல்லைக் கோட்டைகளுக்குப் பின்னால் வந்துவிட்ட படைகள் அங்கே குறைந்த ஆட்களோடு தாக்குப்பிடிக்க முடிந்தது. மிச்சப்பட்ட டிவிஷன்களை ரயிலேற்றி மேற்கே அனுப்பினார். பிரான்ஸின் ரயில் வலை பாரிஸை மையமாகக் கொண்டது, பின்வாங்கப் பின்வாங்க அதன் பிடி இறுகியது. அதே நாட்களில் தளபதிகளை டஜன் கணக்கில் மாற்றினார்.

க்ளுக்கின் பக்கம் இதற்கு நேர் எதிர். அவருடைய ஆட்கள் சில நாட்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். குதிரைகளுக்குத் தீவனம் போதவில்லை. உடைக்கப்பட்ட பெல்ஜிய ரயில் பாதைகள் முன்னேற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இன்னும் எதிரி கையிலிருந்த ஆன்ட்வெர்ப், மோபேஜ் கோட்டை நகரங்களைக் கண்காணிக்கவும் முற்றுகையிடவும் ஆட்களை விட்டுவிட்டு வந்ததில் சேனைகள் மெலிந்தன. தலைமைத் தளபதி மோல்ட்கே கோப்ளென்ஸிலும் பிறகு லக்சம்பர்கிலும் இருந்தார். கம்பியில்லாத் தந்தி தாமதமாகவும் சிதைந்தும் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 25 வாக்கில், மேற்கில் வெற்றி முடிந்த கதை என்று நம்பி, வலது பக்கத்திலிருந்து இரண்டு கோர்களைக் கிழக்கு பிரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார். அவை போய்ச் சேர்ந்தபோது ரஷ்யருக்கு எதிரான டானென்பெர்க் போரே முடிந்திருந்தது. கைதிகளின் கூட்டத்தையும் கைப்பற்றிய பீரங்கிகளையும் காணாத வெற்றி எப்படி வெற்றி என்று மோல்ட்கே கவலைப்பட்டது சரிதான். ஆனால் அந்தக் கவலை கட்டளையாக மாறவில்லை.

டானென்பெர்க்கை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். அங்கே சாம்சோனோவின் ரஷ்யப் படை ரயிலை விட்டு விலகி, சாப்பாடு இல்லாமல், காட்டுக்குள் முன்னேறிக்கொண்டே போனது. திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை. ஆகஸ்ட் 30இல் 90,000 பேர் கைதிகள், சாம்சோனோவ் தற்கொலை. லான்ரெசாக் 23ஆம் தேதி இரவு எதைத் தவிர்த்தார் என்பது இதில் தெரிகிறது.

ஆகஸ்ட் 29 அன்று ஜோஃப்ரின் கட்டாயத்தின் பேரில் லான்ரெசாக் கீஸ் நகருக்கு அருகே திரும்பித் தாக்கினார். ஜோஃப்ர் அவர் தலைமையகத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிராங்ஷே தெஸ்பெரேயின் கோர் ப்யூலோவின் படையைப் பின்னுக்குத் தள்ளியது. ப்யூலோ க்ளுக்கிடம் உதவி கேட்டார். க்ளுக் தென்கிழக்கே உள்பக்கமாகத் திரும்பினார். பாரிஸை மேற்கிலிருந்து சுற்றுவதாக இருந்தவர், இப்போது அதன் கிழக்கே, தன் வலது விலாவை நகரத்துக்குக் காட்டிக்கொண்டு நகர்ந்தார். பிழை என்றால் அது இதுதான். ஆனால் சும்மா நடந்த பிழையல்ல. பின்வாங்கிய ஒரு படை திரும்பிக் கொடுத்த அடியின் விளைவு. அந்த அடியைக் கொடுத்த லான்ரெசாக்கை செப்டம்பர் 3 அன்று பதவி நீக்கினார்கள்.

இதற்கிடையில் சர் ஜான் தன் படையைப் போர்முனையிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடும் மனநிலையில் இருந்தார். போர் அமைச்சர் கிட்ச்னர் செப்டம்பர் 1 அன்று பாரிஸுக்கே வந்து அவரைத் தடுத்தார். மறுநாள் பிரெஞ்சு அரசு போர்தோ நகருக்குக் கிளம்பியது. பாரிஸின் ராணுவ ஆளுநர் காலியேனி, 3ஆம் தேதி விமானிகள் கொண்டுவந்த செய்தியிலிருந்து க்ளுக்கின் விலா திறந்திருப்பதை உணர்ந்து ஜோஃப்ரை அவசரப்படுத்தினார். 5ஆம் தேதி ஜோஃப்ர் மெலன் அருகே சர் ஜானிடம் நேரில் போய்க் கெஞ்சினார். கண் கலங்கிய சர் ஜான் பிரெஞ்சில் பதில் சொல்ல முயன்று, முடியாமல், எங்களால் ஆனதையெல்லாம் செய்வோம் என்று சொல்லுங்கள் என்றார்.

மார்ன் போரைச் சுருக்கமாகச் சொன்னால்: மோனுரி ஊர்க் ஆற்றின் பக்கம் தாக்கினார், க்ளுக் அவரைச் சமாளிக்கத் தன் கோர்களை மேற்கே இழுத்தார், க்ளுக்குக்கும் ப்யூலோவுக்கும் இடையே 40 கிலோமீட்டர் இடைவெளி விழுந்தது. அதற்குள் பிரிட்டிஷ் படையும் ஐந்தாம் சேனையின் ஒரு பகுதியும் நுழைந்தன. மோல்ட்கே அனுப்பிய லெப்டினன்ட் கர்னல் ஹென்ச் நிலைமையைப் பார்த்து 9ஆம் தேதி பின்வாங்கலுக்குச் சம்மதம் தந்தார். சில ஆயிரம் பேரை ஏற்றிச் சென்ற பாரிஸ் டாக்ஸிகள் அழகான கதை. போரைத் தீர்மானித்தவை லொரேனிலிருந்து ஓடிய ரயில்கள்.

அப்படியானால் ஜெர்மானியரை ஏன் முழுவதுமாக விரட்ட முடியவில்லை? அதே விதி இப்போது மறுபக்கம் வேலை செய்தது. ஜெர்மானியர் எய்ன் ஆற்றுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு, தங்கள் ரயில்களை நோக்கிப் போனார்கள். துரத்தியவர்கள் மழையில் களைத்து மெதுவாக வந்தார்கள். மோபேஜ் கோட்டை 8ஆம் தேதி விழுந்ததால் அங்கே முற்றுகையில் இருந்த ஏழாம் ரிசர்வ் கோர் விடுபட்டது. அது இரவு பகலாக நடந்து 13ஆம் தேதி ஷெமான் தே தாம் மேட்டை அடைந்தது. ஹெய்கின் ஆட்கள் சில மணி நேரம் பிந்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் அங்கேயே குழி தோண்டின. அந்த மேட்டுக்குச் சற்று வடக்கே உள்ள லான் நகரம் 1918 அக்டோபர் வரை ஜெர்மானியர் கையில் இருந்தது.